நாற்றிலிருந்து கலை வரை: ஒரு சீன எழுத்தின் வரலாறு

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்பக்கத்தில் ஒரு சிறு செடியை வரையுங்கள். நேராக ஒரு தண்டு, மேலே இரு பக்கமும் பிரியும் கிளைகள், கீழே வேர்கள். அவ்வளவு போதும். வலப்பக்கத்தில், செடியைப் பார்த்தபடி முழங்காலிட்டிருக்கும் ஒரு மனிதரை வரையுங்கள். அவருடைய இரு கைகளும் முன்னே நீண்டு அந்தச் செடியை ஏந்தியிருக்கட்டும்.

உங்கள் தாளில் இப்போது இருப்பது வெறும் படம் அன்று. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்பு சீனாவில் வழங்கிய ஓர் எழுத்து அது! அதன் பொருள் செடி நடுதல், பயிரிடுதல். அதன் வழிவந்த எழுத்தைச் சீனர்கள் இன்று ‘யீ’ என்று ஒலிக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு அதற்குப் பயிரிடுதல் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஓவியம், இசை, நாடகம் எல்லாவற்றையும் அடக்கிய ‘கலை’ என்பதே இன்று அதன் பொருள்.

நாற்று நடும் எழுத்து கலையைக் குறிக்கும் எழுத்தாக மாறியது எப்படி? மண்ணில் முழங்காலிட்டிருந்த அந்த மனிதர் என்ன ஆனார்? இக்கேள்விகளைப் பின்தொடர்ந்தால் சீனாவின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றின் ஒரு கீற்றை நாம் காணலாம்.

எலும்பில் கிடைத்த எழுத்து

தமிழில் ‘மரம்’ என்று எழுத மூன்று எழுத்துகள் வேண்டும். மூன்றும் ஒலிகளைக் குறிப்பவை. அவற்றுள் எதிலும் மரத்தின் சாயல் இல்லை. சீன எழுத்து முறை வேறு வகையானது. அங்கே ஓர் எழுத்து ஒரு சொல்லையோ, சொல்லின் ஒரு பகுதியையோ குறிக்கும். ஒலியும் பொருளும் அதில் சேர்ந்தே இருக்கும். மிகப் பழைய எழுத்துகளுள் பல, பொருள்களின் உருவத்தை ஒட்டி அமைந்தவை.

இவ்வளவு பழைய எழுத்துகள் நமக்கு எப்படிக் கிடைத்தன? வட சீனாவில் ஆன்யாங் என்னும் ஊரின் அருகே உழவர்கள் நிலத்தைக் கிளறும்போது பழைய எலும்புத் துண்டுகள் கிடைப்பதுண்டு. அவற்றை ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் மருந்துக் கடைகளுக்கு விற்று வந்தார்கள். கடைக்காரர்கள் அவற்றைப் பொடி செய்து மருந்தாகக் கொடுத்தார்கள். 1899ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் வாழ்ந்த வாங் யீரோங் என்ற அறிஞர் அத்தகைய எலும்புகளின்மேல் இருந்த கீறல்கள் பழங்கால எழுத்துகளே என்பதைக் கண்டுகொண்டார். எத்தனை எழுத்துகள் அதற்குள் பொடியாகி நோயாளிகளின் வயிற்றுக்குள் போயிருக்குமோ!

1928இல் ஆன்யாங்கில் முறையான அகழாய்வு தொடங்கியது. அந்த இடம் ஷாங் அரச மரபின் கடைசித் தலைநகரம் என்பது உறுதியாயிற்று. காலம் ஏறத்தாழ கி.மு. 1250 முதல் 1050 வரை. ஷாங் அரசர்கள் எதையும் குறி கேட்டே செய்தார்கள். மழை வருமா? விளைச்சல் நன்றாக இருக்குமா? போருக்குப் போகலாமா? பல்வலி தீருமா? மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் அடி ஓட்டையோ சூடாக்கி, அதில் விழும் வெடிப்புகளைக் கொண்டு விடை கண்டார்கள். பிறகு கேள்வியை அந்த எலும்பிலேயே செதுக்கி வைத்தார்கள். இதுவரை கிடைத்துள்ள துண்டுகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். அவற்றில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு எழுத்துகள் உள்ளன. ஐயமின்றிப் படிக்கப்பட்டவை அவற்றுள் பாதிக்கும் குறைவே. நம்முடைய ‘யீ’ படிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

மண் வந்தது, புல் வந்தது

உங்கள் படத்துக்குத் திரும்புவோம். எலும்புக்குப் பிறகு வெண்கலப் பாத்திரங்களில் எழுத்துகளை வார்த்தார்கள். அக்காலத்தில் செடிக்கு அடியில் மண்ணைக் காட்டும் குறி சேர்ந்தது. நீங்களும் செடியின் கீழே ஒரு சிறு மண்கட்டியை வரைந்துகொள்ளுங்கள். இப்போது பொருள் இன்னும் தெளிவாகிறது. அவர் செடியைப் பிடுங்கவில்லை, மண்ணில் வைக்கிறார்.

பிறகு தூரிகை வந்தது. அலுவலர்கள் மூங்கில் பட்டைகளில் வேகமாக எழுதத் தொடங்கினார்கள். வேகம் கூடக் கூடப் படம் கலைந்தது. வளைந்த முதுகும் நீட்டிய கைகளும் சில கோடுகளாகச் சுருங்கின. கடைசியில் அந்த மனிதர், ‘உருண்டை’ என்னும் பொருளுள்ள வேறோர் எழுத்தைப் போலவே தோன்றலானார். அவர் மறைந்துபோனதை ஈடுசெய்வது போல எழுத்தின் தலைமேல் ‘புல்’ என்னும் குறியைச் சேர்த்தார்கள். செடிகொடிகளின் பெயர்களைக் குறிக்கும் எழுத்துகளில் இன்றும் காணப்படும் குறி இது. பின்னர் அடியிலும் ஓர் உறுப்பு வந்து சேர்ந்தது. அது ‘முகில்’ என்ற எழுத்தின் பழைய வடிவம். ஆக, மேலே புல், நடுவே செடியும் மண்ணும் மனிதரும், கீழே முகில்! இப்படி ‘யீ’ பதினெட்டுக் கோடுகள் கொண்ட ஓர் எழுத்தாக வளர்ந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய வடிவத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லப் புகுந்தால் என்ன ஆகும்? ‘புல்லுக்குக் கீழே மண், அதன் பக்கத்தில் ஓர் உருண்டை, அடியில் முகில்’ என்று தொடங்கி அழகான கதை ஒன்றைக் கட்டிவிடலாம். கேட்பவரும் நம்பிவிடுவார். ஆனால் அது கதையே அன்றி வரலாறு ஆகாது. எழுத்தின் மிகப் பழைய வடிவத்தைத் தேட வேண்டும். அது காலந்தோறும் எப்படி மாறிற்று என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். பழைய வாக்கியங்களில் அது எந்தப் பொருளில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஒத்துவந்தால்தான் அறிஞர்கள் ஏற்பார்கள்.

சீனாவின் புகழ்பெற்ற முதல் எழுத்து அகராதியை ஷூ ஷென் என்பவர் கி.பி. 100 அளவில் எழுதி முடித்தார். 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் வகுத்த பெருநூல் அது. அவர் காலத்தில் ஆன்யாங் எலும்புகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. ஆகவே ஷூ ஷென் அவற்றைப் பார்த்ததில்லை. இருந்தும் ‘யீ’ என்பதன் மூல வடிவத்துக்கு ‘நடுதல்’ என்று பொருள் எழுதினார். மண்ணும் கையால் பற்றுதலும் சேர்ந்த எழுத்து அது என்றும் விளக்கினார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு எலும்புகள் வெளிவந்து அவர் சொன்னது சரி என்று சான்று கூறின.

எல்லா எழுத்திலும் அவருக்கு இந்த வெற்றி கிட்டவில்லை. ‘செய்’ என்ற பொருளுள்ள எழுத்து ஒரு பெண் குரங்கின் உருவம் என்று அவர் எழுதினார். எலும்பு எழுத்தில் அங்கே இருப்பதோ யானை! ஒரு கை அந்த யானையை வழிநடத்துகிறது. பெரிய அறிஞருக்கும் சான்று கிடைக்காத இடத்தில் சறுக்கல் நேரும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

கலை ஆனது எப்படி?

நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? குழியின் ஆழம், மண்ணின் ஈரம், வேரில் ஒட்டிய தாய்மண், நடும் பருவம் ஆகிய ஒவ்வொன்றிலும் கணக்கு உண்டு. அது புத்தகத்தைப் படித்தவுடன் வந்துவிடுவதில்லை. செய்துசெய்து கைக்கு வருவது. ‘பயிரிடுதல்’ என்ற சொல் ‘கைத்திறன்’ என்ற பொருளுக்கு நகர்ந்ததில் வியப்பில்லை. பிறகு திறன் எதுவானாலும் ‘யீ’ ஆயிற்று.

பழைய நூல்களில் இரு பொருள்களும் அருகருகே காணப்படுகின்றன. மென்சியஸ் என்ற சிந்தனையாளர் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பழங்காலத்தில் ஹோவ் ஜி என்பவர் மக்களுக்கு ஐந்து தானியங்களைப் பயிரிடக் கற்றுக்கொடுத்ததை அவர் குறிப்பிடும்போது இந்தச் சொல் பழைய பொருளில் வருகிறது. அவருக்கு முன்பே கன்பூசியஸ், ரான் ச்சியூ என்ற தம் மாணவரை ‘யீ உடையவர்’ என்று புகழ்ந்தார். ரான் ச்சியூ வயலில் நட்டதற்காக வந்த புகழ் அன்று அது. ஆட்சிப் பணிக்கு ஏற்ற பல திறன் அவருக்கு இருந்ததற்காக வந்த புகழ்.

உயர்குடி இளைஞன் கற்க வேண்டியவை என்று ஆறு திறன்களைப் பழைய சீன மரபு வகுத்தது. அவற்றுக்கு ‘ஆறு யீ’ என்று பெயர். சடங்கு முறை, இசை, வில்வித்தை, தேரோட்டம், எழுத்து, கணக்கு ஆகியவை அந்த ஆறு. பட்டியலை மறுபடியும் பாருங்கள். ஒன்று குறைகிறதல்லவா? நாற்று நடுபவரின் உருவத்தையே பெயராகக் கொண்ட பட்டியலில், நாற்று நடுதல் இல்லை!

இது தற்செயலா? கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஃபான் ச்சி என்னும் மாணவர், பயிர்த்தொழில் கற்றுத்தருமாறு ஆசிரியரைக் கேட்கிறார். அதற்கு வயதான உழவரே தம்மைவிடத் தகுதியானவர் என்று கன்பூசியஸ் கூறிவிடுகிறார். காய்கறித் தோட்டம் போடக் கற்றுத்தருமாறு ஃபான் ச்சி அடுத்துக் கேட்கிறார். அதற்கும் வயதான தோட்டக்காரரைக் காட்டுகிறார். மாணவர் வெளியே சென்ற பிறகு, அவர் சிறுமதி படைத்தவர் என்று மற்றவர்களிடம் குறைகூறுகிறார். ஆள்பவர்கள் நேர்மையாக இருந்தால் உழவர்கள் தாமே பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அந்நாட்டைத் தேடி வருவார்கள், ஆள்பவர் தாமே உழுவது எதற்கு என்பது அவருடைய வாதம்.

அதே நூலில் எதிர்க்குரலும் பதிவாகியிருக்கிறது. ட்சுலூ என்ற மாணவர் வழியில் பின்தங்கிவிடுகிறார். கோலில் கூடையைத் தொங்கவிட்டுச் சுமந்து வரும் கிழவர் ஒருவரைக் கண்டு, தம் ஆசிரியரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். கை கால் வருந்த உழைக்காதவர், தானியம் ஐந்தையும் பிரித்தறியத் தெரியாதவர், அவரெல்லாம் ஓர் ஆசிரியரா என்று கிழவர் சீறுகிறார். பிறகு கோலை மண்ணில் ஊன்றிவிட்டுக் களை எடுக்கத் தொடங்குகிறார். இந்தக் கிழவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதிர்பாராத ஓரிடத்தில் மறுபடியும் அவரைச் சந்திப்போம்.

இப்படிச் சொல் மேலேறியது, சொல்லுக்கு உருவம் கொடுத்தவர் கீழேயே நின்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ என்ற வரலாற்றாசிரியர் அரச நூலகத்து நூல்களின் பட்டியலைத் தம் வரலாற்றில் சேர்த்தார். பட்டியலின் பெயரிலேயே ‘யீ’ உண்டு. முதல் பகுதியும் ‘ஆறு யீ’ தான். ஆனால் அங்கே அது பேரிலக்கியங்களான மறைநூல்களைக் குறிக்கிறது. உழவு பற்றிய நூல்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, வேறொரு பகுதியில், ஒன்பதே தலைப்புகளாக.

நடுதலையும் கலையாக்கிய ஒருவர்

உழவைக் கற்கத்தக்க அறிவாக மதித்த அறிஞர்களும் சீனாவில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஜியா சிஷியே. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் காவ்யாங் என்ற பகுதியின் ஆளுநராக இருந்தவர். அவர் எழுதிய ‘ச்சிமின் யாவ்ஷு’ என்னும் நூல் 92 இயல்கள் கொண்டது. முழுமையாகக் கிடைக்கும் சீன உழவு நூல்களில் மிகப் பழைய பெருநூல் அதுவே. பழைய நூல்களில் தேடியும், மக்கள் வழக்குகளைத் தொகுத்தும், அனுபவம் மிக்க முதியோரைக் கேட்டும், தாமே செய்துபார்த்தும் எழுதியதாக அவர் கூறுகிறார். கன்பூசியஸ் கைகாட்டிவிட்டு நின்ற அந்த வயதான உழவரிடமே ஜியா சென்று கற்றார் என்று சொல்லலாம்.

மரக்கன்றைப் பெயர்த்து நடுவதற்கு அவர் சொல்லும் முறையைக் கேளுங்கள். முன்பு நின்ற இடத்தில் எந்தப் பக்கம் வெயிலை நோக்கியிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதிய இடத்திலும் அந்தத் திசை மாறக் கூடாது. குழியை ஆழமாகத் தோண்ட வேண்டும். மரத்தை வைத்து நீர் ஊற்றி, மண்ணிட்டு இளஞ்சேறாக்க வேண்டும். பிறகு நான்கு திசையிலும் மரத்தை நெடுநேரம் அசைக்க வேண்டும். அசைத்தால் சேறு வேர்களுக்கிடையே புகும், மரம் பிழைக்கும். அசைக்காவிட்டால் வேரைச் சுற்றி வெற்றிடம் இருக்கும், மரம் பட்டுப்போகும். நட்டபின் கையால் தொடவே கூடாது.

இதில் உள்ள அறிவியலைப் பாருங்கள். நீரை உறிஞ்சுபவை வேர் நுனிகளை ஒட்டிய நுண்ணிய வேர்த்தூவிகள். ஈர மண் அவற்றை ஒட்டியிருந்தால்தான் நீர் ஏறும். இடையே காற்று நின்றால் அவை உலர்ந்துவிடும். வேர்த்தூவியைக் கண்ணால் கண்டறிய நுண்ணோக்கி வர இன்னும் ஆயிரம் ஆண்டுகள் இருந்தன. ஜியாவுக்குக் காரணம் முழுவதும் தெரியாது. ஆனால் கை கண்டதை அவர் பிழையின்றி எழுதினார்.

தம் தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. ஒரு காலத்தில் தாம் இருநூறு ஆடுகள் வளர்த்ததாகவும், போதிய தீவனம் சேர்த்து வைக்காததால் ஓராண்டுக்குள் பாதிக்கு மேல் பட்டினியால் இறந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஓர் ஆளுநர் இதை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. படிப்பவருடைய ஆடுகளாவது பிழைக்கட்டும் என்றே எழுதியிருக்க வேண்டும்.

எழுத்தைவிட்டு வெளியேறிய மனிதர்

‘யீ’ சீனாவோடு நிற்கவில்லை. கொரியாவில் ‘யே’ என்றும், ஜப்பானில் ‘கேய்’ என்றும், வியட்நாமில் ‘ங்கே’ என்றும் ஒலி மாறி வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கருத்துகளுக்கு ஜப்பானியர் சொற்கள் தேடியபோது, இன்று நாம் சொல்லும் ‘கலை’ என்ற பொருளை ‘யீ’ சேர்ந்த பழைய சொல் ஒன்றுக்கு ஏற்றினார்கள். அது சீனாவிலும் பரவியது. ஆயினும் பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. தோட்டக்கலையைச் சீனர்கள் ‘யுவான்யீ’ என்கிறார்கள். ‘யுவான்’ என்றால் தோட்டம்.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்துக்கே பெரிய மாறுதல் வந்தது. 1949இல் மக்கள் சீனம் அமைந்தபோது மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுள் மிகப் பலர் உழவர்கள். கற்பதை எளிதாக்க 1956இல் எழுத்துகளைச் சுருக்கும் திட்டம் வெளியாயிற்று. ‘யீ’யின் தலையில் இருந்த புல் மட்டும் தங்கியது. அதன் கீழே இருந்த செடி, மண், மனிதர், முகில் அனைத்தும் நீங்கின. அவற்றின் இடத்தில், கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள, ஒரே வளைகோட்டால் ஆன எழுத்தை வைத்தார்கள். பதினெட்டுக் கோடுகள் நான்காயின. பொருளைக் காட்டிய எழுத்து இப்போது ஒலியைக் காட்டுகிறது.

இது இழப்பா, ஆதாயமா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மூவாயிரம் ஆண்டு நின்ற மனிதர் எழுத்தைவிட்டு வெளியேறினார் என்பது உண்மை. ஆனால் அந்த எழுத்தின் உள்ளே இருந்த காலமெல்லாம், வயலில் இருந்த அவரால் அதைப் படிக்க முடிந்ததா? பெரும்பாலும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நான்கு கோடுகளில் எழுதிவிடட்டும் என்றுதான் அவர் வெளியேற்றப்பட்டார். தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய முழு வடிவமே வழங்குகிறது. அங்கும் குழந்தைகள் அதைக் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள் என்று சுருக்கத்தை எதிர்ப்பவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் சுவையானது. 1940களில் அங்கே எழுத்துகளைச் சீர்திருத்தியபோது, மேலே உள்ள புல்லையும் அடியில் உள்ள முகிலையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் நீக்கிய வடிவம் பொது வழக்காயிற்று. சரியாக அந்த மனிதரும் செடியும் மண்ணும் நின்ற பகுதி! ஆனால் எஞ்சிய வடிவம் ஏற்கெனவே வேறோர் எழுத்தாக இருந்தது. புத்தகங்களுக்குள் வைத்துப் பூச்சிகளைத் தடுக்கப் பயன்பட்ட ஒரு மணமுள்ள செடியின் பெயர் அது. எட்டாம் நூற்றாண்டில் நாராவில் அமைந்த ‘உன்தேய்’ என்ற நூலகத்தின் பெயரில் அதைக் காணலாம். இந்தக் குழப்பத்தை விரும்பாதவர்கள் உண்டு. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் தன் பெயரைப் பழைய வடிவத்திலேயே எழுதி வருகிறது.

இனி அந்தக் கிழவரிடம் வருவோம். அவர் கோலை ஊன்றிவிட்டுக் களை எடுத்தார் என்று பார்த்தோம் அல்லவா? பழைய நூலில் ‘களை எடுத்தல்’ என்ற சொல்லை எழுத, ஒலி ஒத்திருப்பதால் கடன் வாங்கிய எழுத்து இதே மணச்செடியின் எழுத்துதான்! ஆக, ஜப்பானியர் கலை என்று எழுதுமிடத்தில் நாற்று நட்டவர் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற இடத்தில், யாரும் திட்டமிடாமலே, களை எடுக்கும் கிழவர் வந்து நிற்கிறார்.

இலத்தீன் மொழியிலும் நிலத்தைப் பேணுதலைக் குறித்த சொல்லே மனத்தைப் பேணுதலுக்கும் ஆயிற்று. நாமும் ‘பண்பட்ட நிலம்’ என்கிறோம், ‘பண்பட்ட மனம்’ என்கிறோம். இவை ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை அல்ல. நிலத்தில் உழைத்த மக்கள் தம் அறிவின் உயர்வைப் பேச, அந்த உழைப்பிலிருந்தே சொல் எடுத்தார்கள் என்பதே இவை காட்டும் உண்மை.

நீங்கள் வரைந்த தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சீன மொழி அறியாத ஒரு நண்பரிடம் அதைக் காட்டி, ‘இவர் என்ன செய்கிறார்?’ என்று கேளுங்கள். ‘செடி நடுகிறார்’ என்று அவர் சொன்னால், மூவாயிரம் ஆண்டுப் பழமையான ஓர் எழுத்தை அவர் பிழையின்றிப் படித்துவிட்டார். ‘இவர் யார்?’ என்று அடுத்துக் கேளுங்கள். உழவர் என்று சொன்னாலும் சரி, கலைஞர் என்று சொன்னாலும் சரி, இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.